கை அறிவது

பிடித்துவிடுதல் என்னும் சொல்லில் இரண்டு வினைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இலக்கணம் 'விடு' என்பதைத் துணைவினை என்று ஓரத்தில் வைத்துவிடும். வலியோடு படுத்திருப்பவரைக் கேட்டால், எங்கே விடவேண்டும் என்று தெரிந்த கையே நல்ல கை என்பார். நீவுதல், உருவுதல், வருடுதல், அமுக்குதல், பிசைதல் என்று தமிழில் இத்தனை சொற்கள் இருக்க, இன்று அனைத்தும் மசாஜ் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒடுங்கிப்போயின. சித்த மருத்துவம் தன் 32 புற மருத்துவங்களுள் ஒன்றாகத் தொக்கணத்தை வைத்து, அதைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகையாகப் பகுக்கிறது. ஐரோப்பிய முறையிலும் இத்தகைய பகுப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவர் மெட்ஸ்கரின் பெயரோடு சேர்த்து அது பேசப்படுகிறது.

இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் இப்பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வரும். பாட்டியின் கையில் அன்பிருந்தது, இன்றைய சிகிச்சையில் நுட்பம் மட்டுமே இருக்கிறது என்பது அது. கேட்க இதமாக இருக்கிறது. எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தொடுகையின் இதத்தைக்கூட அறிவியல் அளந்திருக்கிறது. ரோமமுள்ள தோலில் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் மெதுவாக வருடும்போது அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. தொடப்படுபவர் இதமென உணர்வதும் அந்த வேகத்தில்தான் என்று 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அழுத்தத்தை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தாய்மார் எவரும் அளவுகோல் வைத்துக் குழந்தையை வருடியதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அறிந்தபின் வருடல் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

அம்மா வழுக்கி விழுந்து வலது இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து வீடு திரும்பியபோது இவையெல்லாம் எங்களுக்கு வெறும் வாசிப்பாக இல்லாமல் போயின. நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் மூன்று நாள் இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்தார். இளைஞர். கோனியோமீட்டரை வைத்து மூட்டு மடங்கும் கோணத்தை அளப்பார், குறிப்பேட்டில் எழுதுவார், எண்ணிக்கை சொல்லிக் காலைத் தூக்கவைப்பார். அம்மாவின் முகத்தை அவர் பார்த்ததாக நினைவில்லை. ஆயினும் அம்மா எழுந்து நின்றது அவரால்தான்; அதை மறைத்துப் பேசுவது அறமாகாது.

மாலையில் ஆச்சி வருவார். தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மூதாட்டி. அறுவை செய்த காலைத் தொடமாட்டார். தோள், முதுகு, இடது கால் மட்டும். வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டே நீவுவார். அம்மா அந்நேரத்தில்தான் வீழ்ந்ததைப் பற்றிப் பேசினார், அழுதார். எங்களிடம் ஒருநாளும் அழுததில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் பேச்சு பாதியில் நின்றது. ஆச்சி இடது கெண்டைக்காலில் வைத்த கையை எடுத்துவிட்டார். "எக்கா, நேத்து இருந்த கால் இல்ல இது. சுடுது. இதுல எண்ணெய் வைக்கப்படாது" என்றார். அம்மாவுக்கு ஏமாற்றம், கொஞ்சம் நீவினால் சரியாகும் என்று மன்றாடினார். ஆச்சி மசியவில்லை.

இயன்முறை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். டாப்ளர் ஸ்கேனில், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. அறுவைக்குப்பின் படுக்கையில் கிடப்பவர்களுக்கு, அறுவை செய்யாத காலிலும் இது நேரக்கூடும். அந்நிலையில் அழுத்தி நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். அறுவை நடந்த மருத்துவமனையில் இதுபற்றி ஒரு வார்த்தையும் எங்களிடம் சொல்லி அனுப்பவில்லை. இரத்தம் உறையாதிருக்க மருந்து தொடங்கி, அம்மா தப்பினார்.

நாள்தோறும் தொட்ட கைக்கு மட்டுமே நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரிந்தது. அது என்ன வேறுபாடு என்று சொல்லப் படித்தவர் வேண்டியிருந்தது. இதில் எதை அன்பு, எதை நுட்பம் என்று பிரிப்பது?

அடுத்த வாரம் இருவரும் ஒரே நேரத்தில் வீட்டிலிருந்தார்கள். "அடுத்த தடவ நான் எப்படிக் கண்டுபிடிக்க, தம்பி?" என்று ஆச்சி கேட்டார். அவர் தரையில் அமர்ந்து காட்டினார்: முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் அளக்கவேண்டும், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஐயப்படவேண்டும். அளவு சரியாக இருந்தாலும், சூடோ வலியோ தெரிந்தால் விட்டுவிடக்கூடாது. ஆச்சிக்கு எண் படிக்கத் தெரியாது. நூலால் அளப்பதாகச் சொன்னார். 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு நூலை வெட்டி இரு முனையிலும் முடிச்சிட்டுக் கொடுத்தார் அந்த இளைஞர். அது இப்போது ஆச்சியின் சுருக்குப்பையில், வெற்றிலையோடு கிடக்கிறது.

அவரும் தொடுவதற்குமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார். அம்மாவுக்கு இன்னும் நிறைவில்லை. "தம்பிக்குக் கை சில்லுன்னுதான் இருக்கு" என்று, அவர் போனபிறகு எங்களிடம் சொல்கிறார்.