சுக்காய்க் காய்ந்த ஆரக்கால்

திருச்சுழியில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ரமணர் பிறந்த வீட்டைப் பார்க்க வந்தவர்களாக இருப்பார்கள். நான் வண்டிப் பட்டறை தேடி வந்திருந்தேன். குண்டாறு வறண்டு கிடந்தது. வழி நெடுகச் சீமைக்கருவேலம். இரண்டு இடத்தில் கரிமூட்டம் புகைந்தது.

நாலு கல்தூண், மேலே தகரம், அவ்வளவுதான் பட்டறை. ஆசாரிக்கு எழுபது தாண்டியிருக்கும்.

"இவ்வளவு மரம் நிக்குதே, மரத்துக்கா பஞ்சம்?" என்று வாயைவிட்டேன்.

"அது வெறகு தம்பி. அதுல ஆறடிக்கு நேரா ஒரு துண்டு காட்டுங்க பாப்போம்."

உறுதியில் சீமைக்கருவேலம் சோடையில்லை. காய்ந்தாலும் அதிகம் சுருங்காது. ஆனால் வெட்ட வெட்டத் தூரிலிருந்து பல கிளையாய்த் துளிர்ப்பது, நேர்க்கட்டையாக எங்கே வளர? இவருக்கு வேண்டியது கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலம். அதிலும் வெளிவெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரம் பாய்ந்த நடுக்கட்டையை மட்டும்தான் எடுப்பார். பச்சையாக இருக்கும்போதே உருவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் உளி முனை மழுங்கும். அறுத்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் பூச்சி அரிக்காது.

வாச்சியை என் கையில் கொடுத்தார். ஓங்கிப் போட்டேன். துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது. கட்டையில் நகம் கீறிய அளவுக்குக்கூடத் தடமில்லை. அவர் வாங்கி, ஓங்காமல், சற்றே சாய்த்து இழுத்த மாதிரி வெட்டினார். வெற்றிலை அகலத்துக்குச் சிராய் சுருண்டு விழுந்தது. வெட்டின இடம் இளஞ்சிவப்பு. நாளாக நாளாகக் கறுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடுமாம்.

சக்கரத்துக்கு நடுவே குடம், அதில் பன்னிரண்டு துளை. வெளிவட்டம் ஆறு வட்டை. வட்டைக்கு இரண்டு ஆரக்கால். இதில் ஆரக்கால்தான் சுக்காய்க் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால், குடத்துக்குள் போனபிறகு சுருங்கிக் கடகடவென ஆடும். ஒவ்வொன்றையும் காதோரம் பிடித்துக் கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்தார். ஒன்று மட்டும் மந்தமாகச் சத்தம் கொடுத்தது. ஒதுக்கி வைத்துவிட்டார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

வட்டைகளை அவர் இறுக்கமாகப் பொருத்தவில்லை; மூட்டுக்கு மூட்டு மெல்லிய இடைவெளி தெரிந்தது. கைப்பிசகோ என்று நினைத்தேன். இரும்புப் பட்டாவின் சுற்றளவு சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. எருமூட்டத்தில் பழுக்கக் காய்ச்சினால் விரியும். இடுக்கியால் தூக்கி மாட்டி, மரம் கருகுமுன் தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்டா சுருங்கும் நெருக்கில் மூட்டுகள் முனகிக்கொண்டே ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். ஆணியும் பசையும் செய்யாத வேலையை அந்தச் சுருக்கம் செய்துவிடுகிறது.

இப்போது அதிகம் போவது உலக்கையும் மண்வெட்டிக் கணையும்தான். நடுவில் கருங்காலி மாலை கேட்டுச் சிலர் வந்தார்களாம். "கருங்காலிக்கு இந்தக் கரிசல்ல எங்க போக? கட்டையில கருப்புச் சாயம் பூசிக் குடுத்தா வாங்கிக்கிருவாக. எனக்கு மனசு வரல" என்றார்.

செய்துகொண்டிருந்த சக்கரம் ஒரு ஓட்டல் வாசலில் அழகுக்கு நிற்கப் போவது. ஓடாத சக்கரத்துக்கு ஆரக்காலைத் தட்டிப் பார்ப்பானேன் என்று கேட்டேன்.

"ஓடுற வண்டி ஓடையில எறங்கும், கம்மாயில எறங்கும். தண்ணி குடிச்சு எறுகிக்கிரும். நிக்கிற சக்கரம் வெயில்லயே நிக்கும். அதுதான் தம்பி சீக்கிரம் கழண்டுரும்."

வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஓட்டல்காரரிடம் சொல்லியிருக்கிறாராம்.

"ஊத்துவாங்களா?"

சிரித்தார். ஒதுக்கி வைத்த ஆரக்காலை எடுத்துத் தகரக்கூரைமேல் வெயிலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.