கடைக்காரர் அடித்த காசு

நாணயம் திரட்டுவோர் பலருக்கு டோக்கன் என்றாலே இளக்காரம். அரசர் தலை பொறித்த காசைப் பட்டில் பொதிவர். உணவு விடுதியின் பித்தளை டோக்கனையோ ஏறிட்டும் பாரார். நாம் அவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வருகிறோம், கண்டவர் நகைப்பதுண்டு. ஆதலால், 1960-இல் அமெரிக்காவில் டோக்கனும் பதக்கமும் சேகரிப்போர் தமக்கெனத் தனிக் கழகம் கண்ட செய்தியைப் படித்தபோது, உறவினரைச் சந்தித்தாற்போல் உள்ளம் குளிர்ந்தது.

அரசாங்கக் காசுக்கு அக்கசாலைக் கணக்கு உண்டு. மளிகைக்காரரும் மதுக்கடைக்காரரும் அடித்ததற்கு யார் கணக்கு வைத்தார்? மெல்வின் ஃபுல்டும் அவர் மகன் ஜார்ஜும் உள்நாட்டுப் போர்க்கால டோக்கன்களை ஊர்வாரியாக, கடைவாரியாகப் பட்டியலிட்டனர். எத்துணைப் பொறுமை வேண்டும்!

அந்த டோக்கன்களின் கதை சுவையானது. 1862-இல் போரச்சத்தால் மக்கள் சில்லறையைப் பதுக்கினர். மீதி கொடுக்க வழியற்ற வணிகர்கள் ஒரு சென்ட் அளவில் செப்பு வில்லைகளை அடித்துப் புழங்கவிட்டனர். நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் வெளியிட்டாராம். பயணிகள் கொடுத்தவற்றைக் குதிரை டிராம் கம்பெனியார் மூட்டையாகக் கொண்டுபோய்ப் பணம் கேட்க, மனிதர் கைவிரித்துவிட்டாராம்! 1864-இல் சட்டம் வந்து தனியார் காசைத் தடுத்தது.

கொடுத்தவரே திரும்ப வாங்க மறுத்த அந்தச் செம்பைத்தான் கழகத்தார் விலை கொடுத்துத் தேடினர். ஆர்வம் அத்துடன் நிற்கவில்லை. போர்க்கால டோக்கன்களுக்கென்றே 1967-இல் இன்னொரு சங்கமும் தோன்றிற்று.