கல்யாண காமாட்சி சந்நிதியில் ஒரு சம்பந்தம்

தருமபுரி கோட்டைக் கோயிலின் மூலவர் மல்லிகார்ஜுனேஸ்வரர். ஆனால் வரன் தேடும் குடும்பங்கள் வேண்டுதலோடு வருவது கல்யாண காமாட்சியிடம்தான்.

நுளம்பர் காலத்துக் கோயில் இது. மண்டபத்தில் தரையில் முழுதாகப் படியாத தூண் ஒன்று உண்டு. அடியில் காகிதத்தை விட்டு மறுபக்கம் இழுத்துப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை. அம்மன் சந்நிதிக்குப் படியேற வேண்டும். அதன் அடிப்பகுதியைச் சுற்றி ராமாயணக் காட்சிகள் சிறிய சிற்பங்களாக ஓடுகின்றன.

வீட்டுக்குப் போய்ப் பெண் பார்ப்பதற்கு முன், கோயிலில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நம் ஊர்களில் பழைய வழக்கம். பிடிக்காவிட்டால், "சாமி கும்பிட வந்தோம்" என்று இரு வீட்டாரும் மனக்கசப்பில்லாமல் கிளம்பிவிடலாம். பிடித்துவிட்டால் அடுத்தது பெண் வீட்டில் கை நனைப்பது. அங்கே சாப்பிட்டுவிட்டால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

இதைத்தான் 'சம்பந்தம் பேசுவது' என்கிறோம். பேச்சும் சம்பந்தம், அதனால் உண்டாகும் உறவும் சம்பந்தம், பெற்றோர் சம்பந்திகள். கடல் கடந்த அயர்லாந்தின் ஐரிஷ் மொழியிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது: 'கிளௌனஸ்'. வரன் பேசி முடிப்பதற்கும், கல்யாணத்தால் வரும் சொந்தத்துக்கும் அது ஒன்றே. அங்கே லிஸ்டூன்வார்னா என்ற சிற்றூரில் இன்றும் செப்டம்பரில் வரன் பார்க்கும் திருவிழா நடக்கிறது.

தருமபுரியில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வலியும் உண்டு. பெண் சிசுக்கொலைக்காக ஒரு காலத்தில் பெயர் கெட்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் இங்கும் வந்தது. அந்த நாட்களில் பிறந்த பையன்களுக்குத்தான் இப்போது வரன் தேடுகிறார்கள். "பொண்ணு கிடைக்கலையே" என்று புலம்புகிறவர்கள், பிறக்கவிடாமல் போன பெண்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிடைத்த பெண்ணுக்கு 18 வயது நிரம்பியதா, அவளுக்குச் சம்மதமா என்று கேட்ட பிறகுதான் ஜாதகத்தைப் பிரிக்க வேண்டும்.

சேலத்திலிருந்து சுமார் 65 கி.மீ., பெங்களூரிலிருந்து சுமார் 130 கி.மீ. தூரத்தில் இருக்கிறது தருமபுரி. பஸ்ஸும் ரயிலும் உண்டு. ஒகேனக்கல் போகிறவர்கள் வழியில் கோட்டையில் இறங்கி, சிற்பங்களை ஒரு சுற்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போகலாம்.