கச்சாங் பூத்தே பொட்டலம் (மலேசியப் பயணம் – 4)

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து கோலாலம்பூரை அழித்தன. மர வீடும் அத்தாப்புக் கூரையும் இனி வேண்டாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்றார் பிரிட்டிஷ் நிர்வாகி பிராங்க் ஸ்வெட்டன்ஹாம். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இங்கேதான் இருந்தன. பின்னால் ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் தமிழ்நாட்டுக் கூலிகளும் குடியேறினார்கள். 2010-இல் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்த ‘லிட்டில் இந்தியா’ அலங்காரங்களைவிட, ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர்கள் கட்டிய கந்தசுவாமி கோயில்தான் எனக்கு இந்த இடத்தின் வயதைச் சொன்னது.

“பசியாறிட்டீங்களா அண்ணே?” என்று கேட்டபடியே புட்டுக் கடை அக்கா தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டார். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மலாய்ப் பெண், பின்னால் ஒரு சீனப் பெரியவர். எதிர் மாமாக் கடையில் தமிழ் முஸ்லிம் தம்பி ஒருவர் தே தாரிக் தேநீரை ஒரு கை உயரத்துக்கு ஆற்றிக்கொண்டிருந்தார். அதைக் குடித்தபடி பக்கத்து மேசைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய சினிமா என்றதும் அவர் முதலில் சொன்னது எந்த நடிகரையும் அல்ல, கொட்டகை வாசலில் கச்சாங் பூத்தே விற்றவரை. அவித்த கொண்டைக்கடலை, வறுத்த பட்டாணி, மாவு பூசிய நிலக்கடலை, முறுக்குத் துண்டு. எதைக் கேட்டாலும் பழைய காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி நிரப்பித் தருவாராம். விற்றவர்கள் தமிழர்கள். மலாய்ப் படமோ சீனப் படமோ இந்திப் படமோ, கூட்டம் உள்ளே எடுத்துப்போனது தமிழர் கைப்பக்குவத்தை. இந்த நாட்டுச் சினிமா வரலாற்றை யாராவது முழுமையாக எழுதினால் அந்தப் பொட்டலத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையின் கொலிசியம் திரையரங்கு 1920-இல் கட்டப்பட்டது. வெள்ளை முகப்பின் முன் வெகுநேரம் நின்றேன். தமிழ்ப் படங்களை இந்நகரத்துக்குக் காட்டிய அரங்குகளில் இது முக்கியமானது. ஆனால் தமிழர்கள் இங்கே பார்வையாளர்களாக மட்டும் இருக்கவில்லை. மலாய்த் திரையுலகின் மாபெரும் கலைஞர் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ 1950-இல் வந்தது. அதை இயக்கிய எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படங்களை இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர் உருவாக்கினார்கள். ரம்லி 1964-இல் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவகம். அங்கிருந்த படங்களைப் பார்த்தபோது, நம் ஊர்ச் சினிமாப் புத்தகங்களில் கிருஷ்ணனுக்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்கிறோமா என்ற கேள்வி உறுத்தியது.

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். தெங்கு கிளானா சாலை முழுக்கச் சேலைக்கடை, மாலைக்கடை, மசாலை வாசம். மதியம் வாழையிலையில் சோறு. பாகற்காய் வறுவலை மொறுமொறுவென்று பொரித்து வைத்தார்கள். கிள்ளானைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். 1941-இல் இங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. அந்த மக்களுக்குத்தான் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டினார்கள். லயத்து வீடுகளிலிருந்து பாயோடு வந்து உட்கார்வார்கள் என்று சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்னார். அவர் அம்மா ரப்பர் பால் வெட்டியவர்.

தோட்டங்கள் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தபின் அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆனது? சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வந்த ‘ஜகாட்’ அதைத்தான் பேசுகிறது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான தமிழ்ப் படம் அது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே தீபக் குமாரன் மேனன் ‘செம்மண் சாலை’ எடுத்துவிட்டார். நாமோ ‘பில்லா’வுக்குப் பத்துமலையையும் ‘கபாலி’க்கு கோலாலம்பூரையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

“எங்க படம் உங்க ஊர்ல ஓடுமா அண்ணே?” என்றார் கடைக்காரரின் மகன். எங்கள் ஊர் அரங்கில் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்றேன். தன் கைப்பேசியில் சில படங்களின் பெயர்களைக் காட்டினார், எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஈப்போ. புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்பவர்களிடம் போகிறேன்.