மாட்டுத் தீனியும் மண்ணுலகும்

மாலைப் பொழுதில் ஊர்ப்புறத்தே நிற்போர், மேய்ச்சல் முடிந்து ஆநிரைகள் வீடு திரும்பும் காட்சியைக் காணலாம். பகலெல்லாம் அவை விரைந்து விரைந்து புல்லை மேய்ந்தன. நன்றாக மென்று தின்பதற்கும் அவற்றுக்குப் பொழுது இல்லை. இப்போது தொழுவத்திற் படுத்து, கண்களைப் பாதி மூடி, அமைதியாக அசைபோடுகின்றன. இத்துணை அமைதியான உயிர் உலகில் வேறொன்று உண்டோ என்று காண்போர் எண்ணுவர். ஆயினும், அந்த அமைதியான உடலுக்குள் இரவும் பகலும் ஓயாத தொழிற்சாலை ஒன்று இயங்குகின்றது. அத்தொழிற்சாலையிலிருந்து எழும் ஆவி, இன்று உலகத்து அறிஞர்களின் கவலைக்கு உரிய பொருளாகியுள்ளது.

மனிதன் வைக்கோலைத் தின்று உயிர்வாழ இயலாது. புல்லிலும் வைக்கோலிலும் உள்ள செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் அவன் குடலுக்கு இல்லை. உண்மையை நோக்கின், மாட்டின் உடலுக்கும் அவ்வாற்றல் இல்லை. ஆனால், மாட்டின் வயிறு நான்கு அறைகளை உடையது. அவற்றுள் பெரியதாகிய அசையூண் வயிறு, வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளத்தக்கது. அங்கே எண்ணிறந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மாடு அவற்றுக்கு உறைவிடமும் உணவும் அளிக்கின்றது. அவை மாட்டுக்காக நாரை உடைத்துச் செரிமானம் செய்து தருகின்றன. ஒருவருக்கொருவர் உதவி வாழும் இந்தக் கூட்டுறவினாலேதான் காய்ந்த புல் பாலாகவும், உழைக்கும் வலிமையாகவும் மாறுகின்றது.

இந்தக் கூட்டுறவுக்கு ஒரு விலையும் உண்டு. நுண்ணுயிர்கள் தீனியை நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் தோன்றுகின்றன. ஹைட்ரஜன் வயிற்றிலே தேங்கிவிட்டால் நொதித்தல் தடைப்படும், செரிமானமும் குன்றும். ஆதலின், வேறொரு வகை நுண்ணுயிர்கள் அவ்விரு வாயுக்களையும் சேர்த்து மீத்தேன் என்னும் வாயுவாக மாற்றிவிடுகின்றன. இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா, 1776ஆம் ஆண்டில் மஜ்ஜோரே என்னும் ஏரியின் சதுப்புக் கரையிலே கண்டு ஆராய்ந்த வாயுவும் இதுவே. சதுப்பு நிலத்துச் சேற்றிலும், நீர் தேங்கிய நெல்வயலிலும், மாட்டின் வயிற்றிலும் ஒரே வகை வேலையே நிகழ்கின்றது. மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேனிற் பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறும். வளர்ந்த மாடு ஒன்று ஒரு நாளில் 250 முதல் 500 லிட்டர் வரை இவ்வாயுவை வெளியிடக்கூடும்.

இதனால் இருவர்க்கு இழப்பு நேர்கின்றது. ஒருவர் மாட்டை வளர்ப்பவர். மாடு உண்ணும் தீனியில் அடங்கிய ஆற்றலில், நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை மீத்தேனாகக் காற்றிற் கலந்துவிடும். அவ்வாற்றல் மாட்டின் உடலில் தசையாக வளர்ந்திருக்கலாம். மடியிற் பாலாகச் சுரந்திருக்கலாம். அரும்பாடுபட்டு அறுத்துச் சுமந்து வந்த தீனியில் ஒரு பகுதி, எவர்க்கும் பயனின்றிக் காற்றோடு போகின்றது.

மற்றோர் இழப்பு உலகத்தாருடையது. மீத்தேன், நிலவுலகின் வெம்மையை வெளியே போகவிடாமல் போர்வைபோல் தடுத்து நிறுத்தும் வாயு. நூறாண்டுக் காலத்தைக் கணக்கிட்டால், ஒரே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெம்மையை அது உண்டாக்கும். மனிதச் செயல்களால் வெளிப்படும் மீத்தேனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளின் வழியாக வருவதாகும். எனினும், நல்லதொரு செய்தியும் உண்டு. கரியமில வாயுவைப்போல் மீத்தேன் பல நூற்றாண்டுகள் காற்றில் நிலைத்து நிற்பதில்லை; ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது சிதைந்து போகும். ஆகவே, இன்று அதனைக் குறைத்தால் அதன் பயனை இத்தலைமுறையினரே காணலாம். 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிற் கூடிய மாநாட்டில், 2030ஆம் ஆண்டுக்குள் உலகின் மீத்தேன் அளவை நூற்றுக்கு 30 பங்கு குறைப்பதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுதி கூறியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாடு வெளியிடும் மீத்தேனின் அளவு, அது உண்ணும் உணவைப் பொறுத்து மாறுகின்றது. நார் மிகுந்த புல்லையும் வைக்கோலையும் நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அசிட்டிக அமிலம் மிகுதியாகத் தோன்றும். அதனோடு ஹைட்ரஜனும் மிகுதியாக வெளிப்படும். மாவுப்பொருள் மிகுந்த தானியத்தை உடைக்கும்போதோ புரோப்பியானிக அமிலம் மிகுதியாகத் தோன்றும். இவ்வமிலம் உருவாகும்போது ஹைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்கின்றது. எனவே, மீத்தேனுக்குக் கிடைக்கும் ஹைட்ரஜன் குறைகின்றது. மாட்டின் கல்லீரல் இவ்வமிலத்தைச் சர்க்கரையாக மாற்றி உடல் வளர்ச்சிக்குப் பயன்படுத்துகின்றது. புல் மேயும் மாடு தன் உணவின் ஆற்றலில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கினை மீத்தேனாக இழக்க, தானியமே பெரும்பகுதியாக உண்ணும் மாடு மூன்று பங்களவே இழக்கின்றது. அது விரைவாகவும் வளர்கின்றது.

அங்ஙனமாயின், எல்லா மாடுகளுக்கும் தானியத்தையே கொடுத்துவிடலாமே என்று சிலர் வினவலாம். அது பொருந்தாது. அளவுக்கு மீறிய தானியம் அசையூண் வயிற்றிற் புளிப்பை மிகுவித்து மாட்டை நோய்க்கு ஆளாக்கும். அன்றியும், மாட்டின் தனிப் பெருமை யாது? மனிதன் உண்ண இயலாத புல்லை உண்டு, மனிதன் உண்ணத்தக்க பாலை அளிப்பதே அதன் பெருமை. மனிதன் உண்ணும் சோளத்தை மாட்டுக்குக் கொட்டினால், அப்பெருமை குறைந்துவிடும். ஏழையின் உணவும் குறைந்துவிடும். மீத்தேனைக் குறைக்கும் வழி, மனிதனின் உணவைக் குறைக்கும் வழியாக இருத்தல் ஆகாது.

இந்நிலையில், அறிஞர்களின் கருத்தைக் கடல் கவர்ந்தது. கனடா நாட்டில் பிரின்ஸ் எட்வர்டு தீவு என்னும் ஒரு தீவு உள்ளது. அங்கே ஓர் உழவர், கடற்கரையோரம் மேய்ந்த தம் மாடுகள் உள்நிலத்தில் மேய்ந்தவற்றினும் செழிப்பாக இருப்பதைக் கண்டார். கரையோர மாடுகள், அலைகளால் ஒதுக்கப்பட்ட கடற்பாசியைத் தின்றுவந்தன. இச்செய்தியை ஆராயப் புகுந்த ராபர்ட் கின்லி என்னும் அறிஞர், கடற்பாசி மாட்டின் மீத்தேனையும் குறைக்கும் எனக் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 20 வகைக் கடற்பாசிகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தனர். அவற்றுள் அஸ்பரகாப்சிஸ் என்னும் செந்நிறப் பாசியே தலைசிறந்ததென 2014ஆம் ஆண்டில் அறிவித்தனர். அப்பாசியில் உள்ள புரோமோஃபார்ம் என்னும் பொருள், மீத்தேன் உருவாகும் இறுதிப் படியைத் தடை செய்கின்றது.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குப்பியில் நிகழ்வதெல்லாம் மாட்டின் வயிற்றில் நிகழும் என்பதில்லை. ஆதலால், அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், எர்மியாஸ் கெப்ரியாப் என்னும் பேராசிரியரின் குழுவினர் மாடுகளையே கொண்டு சோதனை நடத்தினர். அதில் 21 இளங்காளைகள் 147 நாள் ஈடுபடுத்தப்பட்டன. சிலவற்றுக்கு வழக்கமான தீனியே தரப்பட்டது. மற்றவற்றுக்குத் தீனியோடு சிறிதளவு கடற்பாசியும் கலந்து தரப்பட்டது. காளைகள் ஒரு கருவியில் தலையை நீட்டிச் சிறு தீனி உண்ணும்போது, அக்கருவி அவற்றின் மூச்சில் உள்ள மீத்தேனை அளந்தது. 2021ஆம் ஆண்டில் வெளியான முடிவு வியப்பை அளித்தது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 80 கிராம் கடற்பாசி உண்ட காளைகளின் மீத்தேன் நூற்றுக்கு 80 பங்குக்கு மேலும் குறைந்தது. அவை தம் கூட்டத்து மற்றக் காளைகளுக்கு இணையாகவே எடையிலும் வளர்ந்தன.

ஒரு வெற்றி முழு வெற்றியாகிவிடாது என்பதையும் ஆராய்ச்சியே உணர்த்தியது. கடற்பாசியின் ஆற்றல், நார் குறைந்து தானியம் மிகுந்த தீனியோடு சேரும்போதுதான் உயர்ந்து நின்றது. நார் மிகுந்த தீனியில் அத்துணைப் பயன் தரவில்லை. பின்னர் மான்டானா மாநிலத்தில் திறந்த வெளியில் மேயும் காளைகளுக்கு, கடற்பாசியை உருண்டைகளாக்கி அதே குழுவினர் அளித்தனர். அங்கே மீத்தேன் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பங்கே குறைந்ததாக 2024ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். மேலும், பாசியின் அளவு மிகுந்தால் மாடுகள் உண்ணும் தீனியின் அளவு குறைகின்றது. உலக மாடுகளுக்கெல்லாம் போதுமான பாசி கடலில் தானாக விளைந்து கிடப்பதும் இல்லை. அதனைப் பயிரிட்டே பெறுதல் வேண்டும். அறிஞர்கள் உருவாக்கிய வேறொரு தீவனப் பொருளை ஐரோப்பிய நாடுகள் 2022ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டன. கறவை மாடுகளின் மீத்தேனை அது நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு குறைக்கின்றது. ஆனால், இவையெல்லாம் நாள்தோறும் தீனித் தொட்டியில் அளந்து போடுவோர்க்கே எளிதில் கைகூடும்.

இனி, நம் நாட்டை நோக்குவோம். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 30 கோடி மாடுகளும் எருமைகளும் உள்ளன. அவற்றுட் பல, ஒன்றிரண்டு மாடுகளே வைத்துப் பிழைக்கும் எளிய குடும்பங்களுக்கு உரியவை. அறுவடைக்குப்பின் எஞ்சும் வைக்கோலும் சோளத்தட்டையுமே அவற்றின் முதன்மையான உணவு. வைக்கோலில் நார் மிகுதி. புரதமோ மிகக் குறைவு. புரதம் குறைந்தால் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களும் பசியால் வாடும். அவை வாடினால் தீனி செரியாமல் நெடுநேரம் தங்கும், கன்று வளராது, பால் பெருகாது, மீத்தேன் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாள் ஒன்றுக்கு இரண்டு லிட்டர் பால் தரும் பசுக்கள் நான்கு. எட்டு லிட்டர் தரும் பசு ஒன்று. இருபுறத்தும் பாலின் அளவு ஒன்றே. ஆயினும், நான்கு பசுக்களும் தத்தம் உடலைக் காத்துக்கொள்வதற்கே தீனியிற் பெரும்பகுதியைச் செலவிடுகின்றன. நான்கு வயிறுகளும் தனித்தனியே மீத்தேனை வெளியிடுகின்றன. நன்றாக உண்ணும் ஒரு பசு, தன்னளவிற் சிறிது மிகுதியாக வெளியிட்டாலும், ஒரு லிட்டர் பாலுக்கு உரிய பங்கு மிகவும் குறைவாகவே இருக்கும். விரைந்து வளரும் கன்றுக்கும் இவ்வுண்மை பொருந்தும். வளர்ச்சியும் தூய்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இதனாற் புலப்படும்.

அதற்கு வேண்டுவன அரிய பொருள்கள் அல்ல. வைக்கோலோடு அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தழைகளைச் சேர்த்தல் வேண்டும். கடலைப் பிண்ணாக்கும் தவிடும் அளவறிந்து கலத்தல் வேண்டும். தாது உப்புக்களும் சேர்தல் வேண்டும். யூரியாக் கரைசல் தெளித்து மூடிவைத்துப் பக்குவம் செய்த வைக்கோல் எளிதிற் செரிக்கும். அளவு தவறினால் யூரியா நஞ்சாகும். ஆதலின், அதனைக் கால்நடை மருத்துவர் காட்டும் முறைப்படியே செய்தல் வேண்டும். தேசியப் பால்வள வாரியம், ஊர்தோறும் பயிற்சி பெற்றோரைக் கொண்டு, மாட்டுக்கு ஏற்ற சமச்சீர்த் தீனியைக் கணக்கிட்டுக் கூறும் திட்டத்தை நடத்தியது. புதிய செலவு செய்யாமல், இருக்கும் தீனியையே அளவாகக் கலந்தளித்த இடங்களில் பால் பெருகியது. ஒரு லிட்டர் பாலுக்கு உரிய மீத்தேனும் குறைந்தது.

மாடுகளே உலகின் வெம்மைக்குக் காரணம் என்று பழி கூறுதல் எளிது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் செய்த பிழையை, வாயில்லா உயிரின்மேற் சுமத்துதல் முறையன்று. அதுபோலவே, மாட்டினால் யாதொரு தீங்கும் இல்லை என்று கண்ணை மூடிக்கொள்வதும் அறிவுடைமை ஆகாது. மாடு தனக்கு வேண்டிய தீனியைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. தொழுவத்தில் மனிதன் எதை இடுகின்றானோ அதையே அது உண்கின்றது. எனவே, பொறுப்பு மனிதனுடையது.

மாலை வேளையில் தொழுவத்திற் படுத்து அசைபோடும் பசுவை இனிக் காண்போர், அதன் அமைதியை மட்டும் கண்டு செல்லமாட்டார்கள். அதன் முன்னே கிடக்கும் தீனியையும் ஒருமுறை நோக்குவார்கள். வெறும் வைக்கோலின்மேல் இடப்படும் ஒரு கைப்பிடி அகத்தித் தழை, அந்தப் பசுவின் பசியை ஆற்றும். அதனை வளர்ப்பவரின் வறுமையைச் சிறிது தணிக்கும். மண்ணுலகின் வெம்மையையும் ஓரளவு குறைக்கும். சிறு செயலே ஆயினும், அறிந்து செய்யும் சிறு செயல் பெரும்பயன் அளிக்கும்.