ஆற்றங்கரையும் வேலியும்

ஆற்றங்கரையில் பிறந்த ஊர்களுக்கு ஆறே முதல் வீதி. மீன் பிடிப்போருக்கு அது தொழிற்களம். சிறுவர்க்கு நீந்தக் கற்கும் இடம். மாலையில் காற்று வாங்க வரும் முதியவர்க்கு ஊர்மன்றம். அத்தகைய கரையில் ஒருநாள் கம்பிவேலி எழுகிறது. தொல்பொருள் ஆய்வுக்குரிய இடம் என்றும், உள்ளே நுழையலாகாது என்றும் பலகை தொங்குகிறது. அன்று ஊரார் இழப்பது எது? ஆய்வாளர் காப்பது எது? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே வைத்து ஆராய, மலேசியத் தமிழருக்குக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கே தக்க இடமாகும்.

கடலில் வரும் கலங்களுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை நெடுந்தொலைவிலேயே அடையாளம் காட்டியது. மலையடிவாரத்தில் மெர்போக் ஆறும் அதன் கிளைகளும் கலங்களுக்கு ஒதுங்கிடம் தந்தன. பருவக்காற்றை நம்பி வந்த வணிகர், காற்று திசை மாறும் வரை இங்கே தங்கினர். தங்கியவர் வழிபடக் கோயில்கள் எழுந்தன. அவற்றையே இந்நாட்டில் சண்டி என்று வழங்குகிறோம். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற கடாரம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் துணிபு.

அன்றைய மக்கள் ஆற்றங்கரையை நாடியதற்கும் இன்றைய மக்கள் அதனை நாடுவதற்கும் காரணம் ஒன்றே. தண்ணீர் அங்கே இருக்கிறது; தோணி அங்கே ஒதுங்கும். ஆதலால் பழமையைக் காக்க விழைவோரும் அன்றாடம் பிழைக்க முயல்வோரும் ஒரே மண்ணில் சந்திக்க நேர்கிறது.

வேலியை வேண்டாமென்று எளிதில் சொல்லிவிட முடியாது. பெங்காலான் பூஜாங்கில் மணிகளும் சீனப் பீங்கான் ஓடுகளும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. பெங்காலான் என்னும் சொல்லே மலாய் மொழியில் படகுத்துறையைக் குறிப்பதாகும். அங்கே ஒரு மணியை ஒருவர் விளையாட்டாக எடுத்துச் சென்றாலும், அது எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தது என்னும் சான்று அழிந்துபோகும். மணி மிஞ்சும், வரலாறு மிஞ்சாது. 2013ஆம் ஆண்டில் இதனினும் பெரிய இழப்பு நேர்ந்தது. சுங்கை பத்துப் பகுதியில், பதினொன்றாம் எண் இடம் எனப் பதிவான பழைய சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005லேயே இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் அந்நிலம் தனியாருடையது. அவ்விடம் காப்பிடமாக அரசிதழில் அறிவிக்கப்படவும் இல்லை. காவலின்றி விடப்பட்ட பழமையின் கதி இதுவே.

எனினும், வேலி போட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. தாம் நடந்த கரை தமக்கு மூடப்பட்டது என்னும் மனக்கசப்பு ஊராரிடம் தங்கிவிட்டால், உள்ளே இருக்கும் செங்கல் அவர்களுக்கு அந்நியப் பொருளாகிவிடும். காவலர் இல்லாத இரவில் அதைக் காக்க வேண்டியவர் அவ்வூராரே அல்லரோ? உழும்போதும் குழி தோண்டும்போதும் பழஞ்செங்கல்லை முதலில் காணக்கூடியவரும் அவர்களே. அவர்களது நல்லெண்ணம் கம்பியினும் வலிய காப்பு.

இதற்கு வழி உண்டு. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்த புக்கிட் பத்து பகாட் சண்டியை, 1960 அளவில் அலஸ்டர் லேம்ப் அது இருந்த இடத்திலேயே சீரமைத்தார். ஓடைக்கரையில் அஃது இன்றும் நிற்கிறது. வேறு சில சண்டிகள் தம் இடத்தினின்று பெயர்க்கப்பட்டு, மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் மீண்டும் அடுக்கப்பட்டன. ஓடையின் ஒலியோடு காணும் சண்டி, அதனைக் கட்டியோர் அவ்விடத்தை ஏன் தேர்ந்தனர் என்பதை விளக்கமின்றியே உணர்த்துகிறது. நீரும் மக்களும் விலக்கப்பட்டால் அவ்வுணர்வு குன்றும்.

ஆகவே அகழ்குழியைச் சுற்றி வேலி இருக்கட்டும். ஆற்றுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை திறந்திருக்கட்டும். எத்தனை நாளுக்குத் தடை, எதற்காகத் தடை என்பதை ஊரார் மொழியில் பலகை சொல்லட்டும். வேலி நடுமுன் ஊர்த்தலைவரையும் மீனவரையும் அழைத்துப் பேசட்டும். வழிகாட்டும் பணி அவ்வூர் இளைஞருக்கே முதலில் கிட்டட்டும்.

கடாரத்தின் பெயரைக் கேட்டதும் தமிழர் நெஞ்சு நிமிர்வது இயல்பு. ஆனால் அக்கரையில் இன்று வலை வீசி வாழ்வோர் பெரும்பாலும் மலாய்க் கம்பத்து மக்கள். நம் பெருமைக்குச் சான்றாகும் கல்லைக் காக்க வேண்டுமென்று குரல் கொடுக்கும்போது, அவர்கள் ஆற்றுக்கு இறங்கும் வழியையும் காக்க வேண்டுமென்று அதே குரலில் சொல்வதே பண்பு. பல நாட்டாரும் வந்திறங்கிய துறை அது. அவ்வூர்ப் பிள்ளைகள் அங்கே கால் நனைக்க இயலாமற் போகலாகாது.