ஓரியண்டல் ஊரின் மளிகைக் கடை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஓரியண்டல் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே வாழ்கிறவர்கள் ஏறத்தாழ 900 பேர்; பணி ஓய்வு பெற்ற முதியோர் பலர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளூர் மளிகைக் கடை ஒன்று அவர்களைப் போஷித்து வந்தது. 2014-இல் வால்மார்ட் நிறுவனம் 'எக்ஸ்பிரஸ்' என்னும் தன் சிறிய வகைக் கடை ஒன்றை அங்கே திறந்தது. விலை குறைவாயிருந்தபடியால் ஜனங்கள் அங்கே போனார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் எண்ணித்தானே செலவிடுவார்?

2015 அக்டோபரில் பழைய கடை மூடப்பட்டது. 2016 ஜனவரியில் வால்மார்ட் உலகெங்கும் 269 கடைகளை மூடுவதாக அறிவித்தது. எக்ஸ்பிரஸ் கடைகள் மட்டும் 102; ஓரியண்டலின் கடையும் அவற்றுள் ஒன்று. 2011 முதல் நடந்துவந்த ஒரு சோதனை முயற்சி அது; அதைவிடப் பெரிய 'நெய்பர்ஹுட் மார்க்கெட்' கடைகளை நிறுவனம் தொடர்ந்து நடத்தியது.

அந்த ஊராரிடம் இது சோதனை என்று யார் சொன்னார்கள்? நீங்கள் சற்று எண்ணிப் பாருங்கள். வாகனம் ஓட்ட இயலாத முதியவர் ஒருவர், பாலுக்கும் காய்கறிக்கும் அடுத்த ஊருக்கு யாரை அனுப்புவார்?